ஒன்பது விரலுக்கு ஒரு கீபோர்ட்

உக்காருங்க சார், உக்காருங்க. முன்னாடி சீட்டெல்லாம் நெறஞ்சு கெடக்கு, எங்க போயி உக்காருவீங்க? டிக்கெட் எடுக்கறப்பவே கவனிச்சேன், உங்களுக்கும் தஞ்சாவூர்தான். சேலத்துலேருந்து தஞ்சாவூர் வரைக்கும் வாயைத் தொறக்காம வர என்னால முடியாது சார். ஜன்னல் பக்கம் நீங்களே வெச்சுக்கங்க, நான் இப்படி ஓரத்துல இருந்துக்கறேன். எந்திரிக்கணும்னா சொல்லுங்க. எதுக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், காலை நகத்தி வழி விட்டுடுவேன்.

பையா? மடியிலயே இருக்கட்டும் சார். மேல வெச்சா அடிபடும். உள்ள கீபோர்ட் இருக்கு. கம்ப்யூட்டர் கீபோர்டுதான், என் சம்சாரத்தோடது. விட்டுட்டுப் போயிட்டா. கொண்டுபோயி கையில குடுத்துட்டு, அப்படியே அவளையும் கூட்டிக்கிட்டு அடுத்த பஸ்ஸுக்கே திரும்பிடலாம்னு கெளம்பிட்டேன்.

என் பேரு சுகவனம். சேலத்துல ஒரு காலேஜ்ல கம்ப்யூட்டர் லேப் என் பொறுப்பு. எந்தப் பையன் எந்த மெஷின்ல என்ன தட்டறான்னு என் ரூம்ல உக்காந்தபடியே சொல்லிடுவேன். பசங்க என்னைப் பேய்னு கூப்பிடுவானுங்க. அதுவும் எனக்குத் தெரியும். எங்க தட்டினாலும் எனக்கு வந்துடும்ல.

சம்சாரம் பேரு மட்டுவார்குழலி. சிரிக்காதீங்க. சிரிக்கலயா? சரி. திருச்சிக்காரி, மலைக்கோட்டை அம்மன் பேரை வெச்சிருக்காங்க. நாங்க குழலின்னு கூப்பிடுவோம். வீட்லேருந்தே வேலை. சாஃப்ட்வேர் எழுதறது. பெரிய மூளை சார் அவளுக்கு, நான் இல்லேங்கல. ஆபீஸ்ல ரெண்டு தடவ கேடயம் குடுத்திருக்காங்க. ஆனா உலக நடப்புல ஒரு பொட்டு வெவரம் கெடையாது. எல்லாம் நான்தான் பாத்துப் பாத்துச் செய்யணும்.

இப்ப அந்தக் கதைக்குத்தான் வர்றேன். போன ஆடியில ஆரம்பிச்சது. அவளுக்கு எடது கை சுண்டு விரல் ஒடஞ்சு போச்சு. கதவுல மாட்டிக்கிச்சு. கதவைச் சாத்தினது நான்தான், அதை மறைக்கல. ஆனா அங்க கையை வெக்கச் சொன்னது யாரு? நான் பேசிக்கிட்டே இருக்கேன், பாதியில எந்திரிச்சு உள் ரூமுக்குப் போறா. மனுஷன் பேசிக்கிட்டிருக்கான்ல? பின்னாடியே போயி கதவை இழுத்தேன். அவ்வளவுதான் விஷயம். எலும்பு டாக்டர், எப்படிம்மா ஆச்சுன்னு அவளையே பாத்துக் கேக்கறாரு. நானே பதில் சொல்லிட்டேன். அவ வலியில இருக்கா, அவளைப் போயி கேட்டுக்கிட்டு.

சுண்டு விரல் இல்லேன்னா என்னா கொறைஞ்சு போச்சுன்னு நீங்க நெனைப்பீங்க. அவ தொழிலுக்கு அதுதான் சார் முக்கியம். அவ புரோகிராம் எழுதறதுக்கு எடிட்டர்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, அது ஒரு மாதிரியானது. கறுப்புத் திரை, அதுல வெள்ளை எழுத்து, மவுஸே கெடையாது. எல்லாத்துக்கும் கீதான். கன்ட்ரோல் கீயை ஒரு விரல்ல அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கீயைத் தட்டணும். சேவ் பண்ண ஒண்ணு, தேட ஒண்ணு, வெளிய வர ஒண்ணு. அந்தக் கன்ட்ரோல் கீ எங்க இருக்கு? எடது பக்கம், கீழ் மூலையில. எந்த விரல் அதுக்கு? சொல்லுங்க பாப்போம். அதேதான். கட்டுப் போட்ட விரலை வெச்சுக்கிட்டு அவ திணறினதைப் பாத்தா கல்லும் கரைஞ்சிடும்.

நான் என்ன பண்ணினேன் தெரியுமா? அந்த எடிட்டருக்குன்னு ஒரு செட்டிங் ஃபைல் இருக்கும். இந்தக் கீயை அமுக்கினா இது நடக்கணும்னு நாமளே வரி வரியா எழுதி வெச்சுக்கலாம். அவ அசந்து தூங்கிட்டிருந்த ஒரு மத்தியானம் உக்காந்தேன். அந்தச் சுண்டு விரலே படாத மாதிரி அத்தனை கீயையும் மாத்திப்புட்டேன். எஃப் செவனைத் தட்டினா சேவ். எஃப் டென்னைத் தட்டினா வெளிய வந்துடலாம். ஒவ்வொண்ணுக்கும் ஒத்தை விரல் போதும். எழுந்து வந்து பாத்தா, அப்படியே நின்னுட்டா. அவ கண்ணு கலங்கிப் போச்சு சார். எவன் சார் பொண்டாட்டிக்கு ஒன்பது விரலுக்குத் தோதா கீபோர்ட் செட் பண்ணித் தருவான்? நீங்க பண்ணியிருக்கீங்களா?

செய்யறது செய்யறோம், கூட ரெண்டு வசதி சேத்து வெச்சேன். எஃப் செவனைத் தட்டினா அவ வேலை சேவ் ஆகும், கூடவே ஒரு காப்பி என் போனுக்கும் வந்துடும். எத்தனை மணிக்கு, எந்த ஃபைல், எந்த ஊர்ல எந்த வைஃபைலேருந்துன்னு எல்லாம் சேந்து வரும். அவளுக்குத்தான் ஒரு வரி எழுதினா ஒருவாட்டி சேவ் பண்ற பழக்கமாச்சே. நான் காலேஜ்ல இருக்கேன், பையில போன் கிணுங்குது. ஆங், குழலி வேலை பாக்கறா. கிணுங்குது. குழலி இருக்கா. அரை மணி சத்தமே இல்ல. எங்க போனா? உடனே ஒரு போன் போடுவேன். துணி காயப் போட்டேங்கம்பா. சொல்லிட்டுப் போகலாமில்ல?

தப்பா சார்? நீங்களே சொல்லுங்க. மனுஷனுக்கு கவலை இருக்காதா?

அதுக்காகத்தான் எஃப் டென்ல ஒரு கேள்வி வெச்சேன். எந்திரிச்சா அந்த எடிட்டரை மூடிட்டுத்தான் போவா, அது அவ பழக்கம். மூடினா உடனே மூடாது. 'எங்க போற?'ன்னு ஒரு வரி வரும். பதிலைத் தட்டினாத்தான் வெளிய விடும். சாதாரண கேள்விதானே, வீட்ல எல்லாரும் கேக்கறதுதானே? பதிலும் என் போனுக்கு வந்துடும். மொத நாள் அவ கேட்டா, "என்னங்க இது, பள்ளிக்கூடம் மாதிரி?"ன்னு. சும்மா வெளையாட்டுக்குடி, ரெண்டு நாள்ல எடுத்துடறேன்னேன். அப்புறம் எனக்கே அது பழகிப் போச்சு. 'பாத்ரூம்'. கொஞ்ச நேரங்கழிச்சு 'பால் பொங்குது'. மறுபடியும் 'பாத்ரூம்'. சில நாள் பாத்ரூம் ரொம்ப நேரம் ஆகும். வந்து கேட்டா முகம் மட்டும் கழுவினேம்பா.

தொட்டியம் தாண்டிட்டோம் பாருங்க. காவேரியில தண்ணி பரவால்ல. என்ன சார், போனையே பாத்துக்கிட்டு வர்றீங்க? யாருக்கு மெசேஜ்? வீட்டுக்கா? சரி சரி, சொல்லிக்கங்க. நல்ல பழக்கம்தான்.

ஒரே ஒரு தடவ சந்தேகப்பட்டா. "ஏங்க, சேவ் பண்றப்ப ஒரு நொடி தயங்குது, முன்னாடி அப்படி இல்லையே"ன்னா. எனக்குத் திக்குனு ஆயிப் போச்சு. காப்பி என் போனுக்கு வரணுமில்ல, அந்த நேரம்தான் அது. வெளியே காட்டிக்காம, பழைய மெஷினு, அது அப்படித்தான் இருக்கும்னு சொல்லிட்டேன். அவ திரையையே கொஞ்ச நேரம் பாத்தா. சரிங்கன்னா. அதுக்கப்புறம் அதைப் பத்தி அவ வாயே தொறக்கல. அவ்வளவு வெகுளி. சொன்னா அப்படியே நம்பிடுவா.

விரல் சேந்துச்சு. கோணலாச் சேந்துச்சு. கட்டைப் பிரிச்சப்புறம் கேட்டா, பழைய கீயெல்லாம் திருப்பி வெச்சுக்கலாமான்னு. எதுக்குடி, பழகிட்டேல்ல, இதுவே இருக்கட்டும்னேன். சரிங்கன்னா. எதுக்கெடுத்தாலும் சரிங்கதான். அப்படியொரு பொண்ணு கெடைக்கணுமே.

பெறகு ஐப்பசியில அவ ஆபீஸ்லேருந்து ஒரு மெயில் வந்துச்சு. பதவி ஒசத்தித் தர்றோம், வாரத்துல ரெண்டு நாள் சென்னைக்கு வரணும்னு. ரெண்டு நாள்! எங்க தங்குவா? யாரோட சாப்புடுவா? நானே அவ பேர்ல பதில் போட்டுட்டேன், குடும்பச் சூழ்நிலை, வர வசதிப்படாதுன்னு. சாயங்காலம் அவகிட்ட சொல்லவும் செஞ்சேன். நான் ஒளிச்சு மறைச்சு எதுவும் செய்யற ஆள் இல்ல சார். அழுவா, சண்டை போடுவான்னு பாத்தா ஒண்ணுமில்ல. சோத்தைப் போட்டா. ரசம் ஊத்தட்டுமான்னு கேட்டா. அவ அவ்வளவு அமைதியா இருந்து நான் பாத்ததே இல்ல. சரி, மனசு மாறிட்டா, குடும்பம்தான் முக்கியம்னு வெளங்கிடுச்சுன்னு நெனைச்சேன்.

மறுநாள் எஃப் டென். 'எங்க போற?' 'காய்கறி வாங்க'.

அவ்வளவுதான். வரல.

உக்காருங்க சார். முசிறி ஸ்டாப்புதான் இது, உங்க ஊரு இன்னும் வரல. டீயா? வண்டி நிக்காது சார், எறங்கினா விட்டுட்டுப் போயிடுவான். என்கிட்ட தண்ணி பாட்டில் இருக்கு. வேண்டாமா? உங்க இஷ்டம்.

திருச்சியில அவ அக்கா இருக்கா, பிரேமான்னு. போன் போட்டேன். "இங்க வரல, வந்தாலும் சொல்ல மாட்டேன்"னா. பேச்சைப் பாத்தீங்களா? எல்லாரும் சொன்னாங்க, போலீஸ்ல ஒரு புகார் குடுத்துடுன்னு. எதுக்கு சார்? குடும்ப விஷயத்தைப் போலீஸ் வரைக்கும் கொண்டுபோற ஆளா நான்? புருஷன் பொண்டாட்டிக்குள்ள அவங்களுக்கு என்ன வேலை?

ஒரு வாரம் நான் பட்டது சொல்லி மாளாது. சோறு எறங்கல. அந்த போனைக் கையிலயே வெச்சுக்கிட்டுக் கெடந்தேன். அவ மேசை முன்னாடி போயி உக்காந்து அந்த எஃப் செவனை நானே தட்டித் தட்டிப் பாப்பேன். கிணுங்கும். யாருமில்லாத வீட்ல அது கிணுங்கறது இருக்கே... என்னை இப்படி ஆக்கிட்டுப் போயிட்டாளேன்னு கோவம் வந்துச்சு சார். நெசமாவே வந்துச்சு. கையில கெடைச்சான்னா என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியல. அப்படி ஒரு கோவம்.

அப்பத்தான் ஒரு நாள் காலையில, நான் ஷேவ் பண்ணிக்கிட்டிருக்கேன், ஹால்ல போன் கிணுங்குது.

வீட்ல நான் மட்டும்தான். யாரு தட்டினா? ஓடிப்போய் பாக்கறேன். எஃப் செவன்! தஞ்சாவூர்! வைஃபை பேரு 'அன்னம் ஜெராக்ஸ்'!

புரியுதா சார் என்ன நடந்துச்சுன்னு? இந்த எடிட்டர்ல வேலை பாக்கறவங்க எல்லாருக்கும் ஒரு பழக்கம். மெஷினை மாத்தினாலும் அந்த செட்டிங் ஃபைலை மட்டும் கூடவே தூக்கிட்டுப் போயிடுவாங்க. கை பழகிடுச்சில்ல? அவ கட்டின சேலையோட போனவ, ஒரு மாத்துத் துணி கெடையாது, ஆனா நான் எழுதித் தந்த அந்த ஃபைலை எடுத்துட்டுப் போயிருக்கா. புது மெஷின்ல போட்டிருக்கா. அதுல நான் சேத்து வெச்ச வரியும் கூடவே போயிடுச்சு! தொறந்து படிச்சுப் பாக்கணும்னு கூட அவளுக்குத் தோணல. சொன்னேன்ல, வெகுளின்னு. எனக்கு கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. மனசுல நான் இல்லாமயா என் ஃபைலைக் கொண்டுபோவா?

அதுலேருந்து தெனமும் வந்துக்கிட்டே இருக்கு. இந்தா, இப்பக்கூட பாருங்க. கேட்டுச்சா? எப்படித் திருந்திட்டா தெரியுமா? இங்க இருந்தப்ப கண்ட நேரத்துல எந்திரிப்பா. இப்ப பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா சேவ், கடிகாரம் மாதிரி. சோத்து வேளையில கூட நிக்கறதில்ல. எஃப் டென்னைத் தொடறதே கெடையாது. உக்காந்த எடத்தை விட்டு நகரறதில்ல சார்! காப்பியைத் தொறந்து பாத்தேன், அதே ஃபைல்தான், ஒரு எழுத்து மாறல. அவ்வளவு கவனமா திரும்பத் திரும்பப் படிச்சுப் பாத்து சேவ் பண்றா. நான் வெச்ச ஒழுங்கு இப்பத்தான் அவ ஒடம்புல ஏறியிருக்கு.

ஏன் சார் அப்படிப் பாக்கறீங்க? என்ன, மெஷினே தட்டுமா? மெஷின் எப்படி சார் தானாத் தட்டும்? யாராவது எழுதி வெச்சாத்தான் தட்டும். அதெல்லாம் எழுதத் தெரியணும். ஆங், அவளுக்குத் தெரியும்தான்... ஆனா எதுக்கு எழுதப் போறா? நீங்க வேற.

நான் ஒண்ணும் குருட்டாம்போக்குல கெளம்பல. அந்த ஜெராக்ஸ் கடை நம்பரைத் தேடி எடுத்தேன். கூரியர்லேருந்து பேசறேன், குழலி மேடத்துக்கு ஒரு பார்சல் இருக்குன்னேன். ஒரு பொம்பளை எடுத்தா. என்னா மரியாதை சார்! "ஆமா, இங்கதான் இருக்காங்க, நேர்லயே கொண்டாந்துடுங்களேன்"னா. எந்த பஸ்ல வர்றீங்க, எத்தனை மணிக்கு வந்து சேரும்னு ரெண்டு தடவ கேட்டுக்கிட்டா. என்ன கலர் சட்டை போட்டிருப்பீங்க, அடையாளம் தெரிய ஆள் அனுப்பறோம்னா. கூரியர்க்காரனுக்கு எந்த ஊர்ல சார் ஆள் அனுப்புவாங்க? தஞ்சாவூர்க்காரங்கன்னா தஞ்சாவூர்க்காரங்கதான். நீலக் கட்டம் போட்ட சட்டைன்னு சொல்லிட்டேன். பின்னாடி ஏதோ ரேடியோ கரகரன்னு, ஓவர் ஓவர்னு சத்தம் போட்டுக்கிட்டிருந்துச்சு. பாதி காதுல விழல.

திருச்சியும் போயிடுச்சு. இனி ஒரே மிதிதான்.

வீட்லயும் எல்லாம் தயார் பண்ணி வெச்சுட்டேன். வாசக்கதவுக்குப் புதுப் பூட்டு. நம்பர் அமுக்கற பூட்டு சார், உள்ளேயிருந்து வெளிய போறதுக்கும் நம்பர் வேணும். நம்பர் என் தலையில மட்டும்தான். பாதுகாப்புக்குத்தான், காலம் கெட்டுக் கெடக்குல்ல? இந்த கீபோர்டுக்கும் புது செட்டிங் எழுதிட்டேன். பென் டிரைவ்ல இருக்கு, பாருங்க. இந்தத் தடவ கேள்வியெல்லாம் கெடையாது. அவளுக்குத்தான் அது பிடிக்கலயே, பாவம். எஃப் டென்னையே எடுத்துட்டேன். சின்னக் கரண்டி வெச்சு நெம்பினேன், பல்லு மாதிரி வந்துடுச்சு. தொட்டுப் பாருங்களேன். ஒண்ணும் கடிக்காது, தொடுங்க. வெளிய வர கீயே இல்லேன்னா எங்க போறேன்னு யாரு கேக்கப் போறா? அவளுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி.

மறுபடியும் அடம் பிடிச்சான்னா? பிடிக்க மாட்டா. இன்னும் ஒன்பது விரல் நல்லாத்தானே இருக்கு அவளுக்கு.

என்ன சார் வேர்க்குது உங்களுக்கு? ஜன்னலைத் தொறந்து விடுங்க. நான் சும்மா பேச்சுக்குச் சொன்னேன். பேச்சுக்குச் சொன்னதையெல்லாம் நீங்களும் அவளை மாதிரி மனசுல வெச்சுக்குவீங்க போலிருக்கே.

வந்தாச்சு, புது பஸ் ஸ்டாண்ட். இருங்க இருங்க, அவசரப்படாதீங்க, வண்டி முழுசா நிக்கட்டும். அட, போன் கிணுங்குது. இப்பத்தானே வந்துச்சு, பத்து நிமிஷம்கூட ஆகலயே... சார்! எஃப் டென் சார்! அவ போனதுலேருந்து மொத தடவ! எந்திரிச்சுட்டா. நான் வந்தது அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. 'எங்க போற?'ன்னு கேட்டிருக்கு, பதில் போட்டிருக்கா பாருங்க. நீங்களே படிங்க. ஒத்தை வார்த்தை.

'வெளியே'.

வெளியே வந்து நிக்கறா சார்! என்னைக் கூட்டிட்டுப் போக வெளியே வந்து நிக்கறா! நான் சொல்லல? கொஞ்சம் குனிங்க, ஜன்னல் வழியா பாத்துக்கறேன். எங்க... காணோமே. கூட்டத்துல மறைஞ்சு நிக்கறாளோ என்னவோ. அங்க ரெண்டு போலீஸ்காரம்மா நிக்கறாங்க, அவங்க கூட யாரு அது... பிரேமா மாதிரி இருக்கு. பிரேமாவேதான். அவ எதுக்கு இங்க வந்தா? எறங்கறவங்க ஒவ்வொருத்தர் சட்டையா உத்து உத்துப் பாக்கறாங்க. எவனோ வசமா மாட்டப் போறான் இன்னிக்கு.

நீங்க எறங்கலயா சார்? நான் மொதல்லயா? பெரிய மனசு சார் உங்களுக்கு. வழி பூரா நான் பேசினதையெல்லாம் கேட்டுக்கிட்டு வந்தீங்க, நல்ல மனுஷன். வர்றேன். கண்டக்டர், கொஞ்சம் தள்ளிக்கங்க... பிரேமா! இங்க, இங்க! அட, கூட்டத்துல என்னைத் தாண்டி எங்க பாக்கறீங்க? நீலக் கட்டம் போட்ட சட்டை! நான்தான்!